ஒரு கூடைக்கு மூன்று பேர்

“ரெண்டு மார்க்குன்னா நல்லதா கெட்டதா, சாயபு?”

“நல்லதும்மா. இதுல கம்மியா இருந்தாதான் நல்லது.”

“யாருக்கு?”

இஷ்தியாக் அகமது பேனா முள்ளைத் துணியில் துடைத்தான். துடைக்கிற அளவுக்கு அதில் மை இல்லை. எதிரே பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ஆம்பூரிலிருந்து காலை ரயிலில் காட்பாடி வந்து, அங்கிருந்து பாலாற்றைத் தாண்டி நடந்தே வேலூருக்கு வந்திருந்தாள். புடவை ஓரத்தில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது. பெயர் கமலம் என்று அவள் சொன்னதுமே யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான்கு நாட்களாக அந்தப் பெயரை ஒரு தீர்ப்பு நகலில் படித்துக்கொண்டிருந்தான். பலாத்கார வழக்கு. குற்றவாளி, அவள் வேலை செய்த தோல் டேனரியின் மேஸ்திரி பச்சையப்பன். ஏழு வருஷம் கடுங்காவல். தீர்ப்பில் அவள் பெயர் பதினேழு இடங்களில் வந்தது. மஞ்சள் தாளில் ஓர் இடத்திலும் இல்லை.

மஞ்சள் தாள் என்பது சங்கத்தின் பெருமை. சிறையிலிருந்து விடுதலையாகிறவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் சங்கம் அது; கோட்டை அகழிக்கு எதிர்ச் சந்தில் ஒரே அறை, சம்பளம் வாங்கும் ஒரே குமாஸ்தா இஷ்தியாக். நன்னடத்தைக் கைதி ஒருவனைத் தண்டனைக் காலம் முடியும் முன்பே விடலாமா என்று சிறைக் கமிட்டி யோசிக்கும்போது, சங்கம் அந்தத் தாளை நிரப்பி அனுப்பும். அதில் பதினோரு கேள்விகள். முன்பு தண்டனை உண்டா, குடி உண்டா, வயது என்ன, வேலை காத்திருக்கிறதா, சேர்ந்து வாழ ஜனங்கள் இருக்கிறார்களா. ஒவ்வொன்றுக்கும் மார்க். கூட்டுத்தொகை நாலுக்குள் வந்தால் அவன் திரும்பத் தப்புச் செய்யமாட்டான், விடலாம். இஷ்தியாக் அந்தப் பதினோரு கேள்விகளையும் பதினோரு சின்ன ஜன்னல்களாக நினைத்துக்கொள்வான். அவற்றின் வழியே ஒரு மனிதனின் வரப்போகிற நாட்கள் தெரிகின்றன என்பது அவனுக்கு இரண்டு வருஷமாக மாறாத ஆச்சரியம்.

“பச்சையப்பனுக்கு வேலை இருக்குதுன்னு மார்க் கொறைச்சீங்களாம். முதலாளிக்கு வந்த நகல எங்க டேனரி ரைட்டர் படிச்சுச் சொன்னாரு” என்றாள் கமலம்.

“ஆமாம்மா. வேலையில்லாதவன்தான் மறுபடி தப்புப் பண்றான். பழைய ரெஜிஸ்டர்ங்களப் பார்த்துக் கண்டுபிடிச்சது அது.”

“இன்னா வேலைன்னு போட்டிருக்குது?”

அவன் தாளைப் பார்த்துப் படித்தான். “ஆம்பூர்ல பழைய டேனரியிலயே, பட்டைக் கிடங்கு மேஸ்திரி. முதலாளி ஜியாவுல்லா சாஹிப் கையெழுத்துப் போட்டிருக்காரு.”

“அந்தக் கிடங்குலேர்ந்துதான் நான் தினம் பட்டை எடுக்கறேன்.”

ஆவாரம்பட்டையை இடித்துக் கிடங்கில் குவித்து வைப்பார்கள். தோல் ஊறும் தொட்டிகளுக்கு அதைக் கூடையில் சுமந்து போவது பெண்களின் வேலை. இது இஷ்தியாக்குக்குத் தெரியும். அவன் மாமாவே தோல் வியாபாரி. தெரிந்தும் அந்தக் கேள்விக்கு நேரே மார்க் போட்டபோது அவன் கண்ணுக்குக் கிடங்குதான் தெரிந்தது, கூடை தெரியவில்லை.

“தங்கற எடம்?”

“அண்ணன் வீடு. சொந்த ஜனங்களோட இருந்தா அதுக்கு ஒரு மார்க் கொறையும்.”

“டேனரி லைன் வீடுங்கள்ல எங்க வீட்லேர்ந்து நாலாவது வீடு அது.” விலாசம் சொல்வதுபோல் சொன்னாள்.

“நீ வேற டேனரிக்குப் போவ முடியாதா?”

“மேஸ்திரிய கோர்ட்டுக்கு இழுத்தவளை யாரு சேப்பாங்க? நாலு எடம் போய்க் கேட்டேன். ஜியாவுல்லா சாஹிப் ஒருத்தர்தான் வெச்சுக்கிட்டாரு. நல்ல மனுஷன். அதே நல்ல மனசுதான் இப்ப அந்த ஆளையும் கூப்புடுது. இன்னா பண்றது, நல்லவங்களுக்கு எல்லாருமே வேணும்.”

அவள் கோபமாகப் பேசியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ரயில் நேரம் விசாரிக்க வந்தவள்போல் பேசினாள்.

“இந்த மாதிரி கேஸ்ல இதுக்கு முன்ன எத்தினி பேர வுட்டீங்க?”

“ஏழு வருஷத்துல முப்பத்தொரு பேர்.” இதற்கு அவனிடம் பதில் இருந்தது. சர்க்கார் கேட்டிருந்த அறிக்கைக்காக அவனே எண்ணியவை. “திரும்பி ஜெயிலுக்கு வந்தது நாலே பேரு. அதுலயும் மூணு பேர் நாங்க ஜாஸ்தி மார்க் போட்டும் கமிட்டி விட்டவங்க. தாள் சரியாத்தாம்மா சொல்லுது.”

“அந்த நாலு பேரும் இன்னா தப்புக்குத் திரும்பி வந்தாங்க?”

அவன் அதைப் பார்த்திருக்கவில்லை.

கமலம் அவனை நேராகப் பார்த்தாள். பிறகு, “ஜெயிலுக்கு வந்தாத்தானே சாயபு ஜெயில் நோட்டுல இருக்கும்” என்றாள். “நான் போலீசுக்குப் போறதுக்கு முன்ன ரெண்டு வருஷம் எங்க டேனரியில ஒரு கூடைப் பட்டைக்கு மூணு பொம்பளைங்க போவோம். ஒருத்தி கூடைக்கு. ஒருத்தி வாசப்படியில நிக்க. ஒருத்தி சும்மா பேசிக்கிட்டே இருக்க. பேச்சு சத்தம் வெளிய கேட்டுக்கிட்டே இருக்கணும். இப்ப நாலு வருஷமா ஒரு கூடைக்கு ஒருத்திதான் போறா.”

“மூணு பேர் போறது எதுக்குன்னு முதலாளிக்குத் தெரியாதா?”

“பொம்பளைங்க சோம்பேறிங்கன்னு தெரியும்.”

அவள் எழுந்து புடவையை உதறினாள். அது நடந்த அன்றைக்கு மழை என்றும், பச்சையப்பன் மற்ற இருவரையும் காயப்போட்ட தோலை எடுக்கச் சொல்லி முற்றத்துக்கு விரட்டிவிட்டான் என்றும் மட்டும் சொன்னாள். அதற்குமேல் தீர்ப்பில் இருந்தது.

“அந்த ஆளு உள்ளயே சாவணும்னு நான் கேக்கல. மிச்சம் மூணு வருஷம் இருக்குது, இருந்துட்டு வரட்டும். இல்ல, வேற ஊருல வேலை குடுங்க. கமிட்டி என்னிக்கு?”

“சனிக்கிழமை.”

“அன்னிக்கு முடிவாச்சுன்னா?”

“திங்கக்கிழமை விட்டுடுவாங்க.”

அவள் விரல்களை மடக்கி எண்ணினாள். அன்று புதன்கிழமை.

அவள் போனதும் அவன் நான்கு பேரின் எண்களையும் பெரிய ரெஜிஸ்டரில் தேடினான். முதலாவது, வாலாஜாபேட்டை சந்தையில் மாடு திருட்டு. இரண்டாவது, கோயில் விளக்குத் திருட்டு. மூன்றாவதும் நான்காவதும் கன்னக்கோலால் சுவரைத் துளைத்த ஒரே திருட்டுக் கேஸ். ஜன்னலுக்கு வெளியே அகழித் தண்ணீரில் கோட்டைச் சுவர் தலைகீழாக நின்றது.

சங்கத்தின் காரியதரிசி ராமலிங்க முதலியார் ஐந்து மணிக்கு வந்தார். பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் தாள் அவர் செய்தது; அதற்காக மூன்று வருஷம் சிறை அலுவலகத்தில் உட்கார்ந்து எண்ணூறு பேரின் பழைய தண்டனைகளைப் படித்திருக்கிறார். ஒரு கூடை மாங்காய் திருடிய ஒருவன் உள்ளேயே காசநோயில் செத்ததைப் பார்த்த பிறகு ஆரம்பித்த வேலை அது.

“நாலும் திருட்டா? அப்ப இன்னும் நல்லதாச்சேப்பா” என்றார். “முப்பத்தொரு பேர்ல ஒருத்தன்கூட பழைய தப்பப் பண்ணல. அறிக்கையில இத மொத வரியா போடு.”

“பண்ணலன்னு நமக்குத் தெரியாது சார். பண்ணதா யாரும் எழுதி வெக்கலன்னுதான் தெரியும்.”

“ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம், சொல்லு.”

“திருட்டுப் போனா பொருளுக்குச் சொந்தக்காரன் ஸ்டேஷனுக்கு ஓடறான். இதுல யாரு சார் ஓடறா? நீங்க படிச்ச எண்ணூறு பேர்ல முக்காவாசி திருட்டு கேஸ். அதனால நம்ம தாள் திருடனைச் சரியாக் கண்டுபிடிக்குது. பச்சையப்பன் ஒரு ஊசிகூட திருடினது கெடையாது சார். அதான் ரெண்டு மார்க்.”

முதலியார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கோபிப்பார் என்று இஷ்தியாக் எதிர்பார்த்திருந்தான். அவர் வயதானவராகத் தெரிந்தார், அவ்வளவுதான்.

“அந்தப் பொண்ணு வந்துச்சா?”

“வந்துச்சு சார்.” கூடை விஷயத்தைச் சொன்னான்.

“சர்க்கார் நம்மள இன்னா கேட்டிருக்குது? தாள் பலிக்குதா இல்லையா, ஒரே வார்த்தை. இல்லன்னு எழுதினா, திருட்டுக்கு வேற, இதுக்கு வேறன்னு பிரிச்சுப் பார்க்க அங்க எவனுக்கும் பொறுமை கெடையாது. எல்லாருக்கும் கதவச் சாத்திடுவான். உள்ள நூத்தி நாப்பது பேரு இந்தத் தாளுக்காகக் காத்திருக்கான், தெரியுமில்ல? அதுல பாதிப் பேரு பசிக்குத் திருடினவன்.”

“தெரியும் சார்.”

“கூடைய எண்ணினேன்னு எழுதினா கமிட்டியில சிரிப்பாங்க. ஜெயில் சூப்பரின்டென்ட் மொத ஆளா சிரிப்பாரு.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “ஒண்ணு செய். நாம விட்ட ஆளு ஒருத்தன் மறுபடி அப்படி நடந்துக்கிட்டான்னு ஒரே ஒரு வாய்ச்சொல், பேரோட கொண்டு வா. சனிக்கிழமை பத்து மணிக்கு அத கமிட்டியில கேக்க வெக்கறது என் பொறுப்பு. பச்சையப்பன் தாளை நானே திருப்பி வாங்கிக்கறேன். பேரு இல்லாம என்னால ஒண்ணும் முடியாதுப்பா.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் இஷ்தியாக்கை அன்றிரவு முழுவதும் பேஜார் பண்ணியது.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிகொண்டாவுக்கு பஸ் ஏறினான். ஊரைத் தாண்டி ஆற்றோரமாக இருந்த டேனரி ஒன்றில், முப்பத்தொரு பேரில் ஒருவனான கவுஸ் பாஷா பட்டைக் கிடங்கு மேஸ்திரியாக இருந்தான். இதே மாதிரி வழக்கில் ஐந்து வருஷம் உள்ளே இருந்து, இரண்டு மார்க் வாங்கி, நான்கு வருஷத்துக்கு முன் வெளியே வந்தவன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேனரி ரைட்டரிடமிருந்து அவனைப் பற்றி ஒரு கார்டு வரும்: ‘வேலைக்கு ஒழுங்காக வருகிறார். குடி இல்லை.’ ஆண்டுக் கூட்டத்தில் முதலியார் அந்தக் கார்டுகளைத்தான் உரக்கப் படிப்பார்.

சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை பஸ்ஸை விட்டு இறங்கியபோதே வந்தது. கவுஸ் பாஷா பட்டைக் கிடங்கு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, ஒழுங்காக வெட்டிய தாடி, மெதுவான குரல். சங்கத்திலிருந்து என்றதும் எழுந்து இரண்டு கையாலும் சலாம் சொன்னான்.

“வாங்க பாய். முதலியார் ஐயா சௌக்கியமா? கார்டு ஒழுங்கா வருதா?”

“வருது.”

“ரைட்டர் மறந்துடுவாரு. நான்தான் ஞாபகப்படுத்தி எழுத வெப்பேன்.”

கிடங்குக்குள்ளேயே ஒரு மூலையில் அடுப்பு வைத்திருந்தான். தானே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். இஷ்தியாக் வாங்கிக் குடித்தான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அந்த முகத்தில் எதையாவது கண்டுபிடிக்கப் பார்த்தான். சாதாரண முகம். கண்ணோரத்தில் சுருக்கம், நெற்றியில் தொழுகைத் தழும்பு. ஒருவேளை இவன் நிஜமாகவே திருந்தியிருக்கலாம். நிஜமாகவே திருந்தியவனும் இப்படித்தான் டீ கொடுப்பான். அப்படியானால் இவன்மேல் சந்தேகப்பட்டு வந்த தான் யார்? டீ இனிப்பாக, சூடாக இருந்தது.

அப்போது மூன்று பெண்கள் வந்தார்கள்.

ஒரே கூடை. இளையவள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்னொருத்தி வாசப்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றாள். மூன்றாமவள், நாற்பத்தைந்து வயதிருக்கும், யாரையும் பார்க்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். அவள் தம்பி பெண்டாட்டி வைக்கிற குழம்பைப் பற்றி. அதில் புளியைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதைப் பற்றி. தம்பி அதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுவதைப் பற்றி. கூடை நிறையும்வரை அந்தப் பேச்சு நிற்கவில்லை. கூடை வாசப்படியைத் தாண்டி வெளியே வந்ததும் பாதி வார்த்தையில் நின்றது.

“ஒரு கூடைக்கு மூணு பேரு” என்று கவுஸ் பாஷா சிரித்தான். “கல்யாண ஊர்வலம் மாதிரி வருவாங்க பாய். முதலாளி கத்தினாலும் கேக்க மாட்டாங்க.”

எதிர்ப்பக்கத்தில் சுண்ணாம்பு அறை இருந்தது. அங்கேயும் பெண்கள் கூடை எடுத்தார்கள். இஷ்தியாக் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணினான். ஒரு கூடை, ஒருத்தி. அடுத்த கூடை, ஒருத்தி. கிளாஸ் ஆறிப்போயிற்று. கிடங்குக்கு மறுபடி மூன்று பேர் வந்தார்கள். இந்த முறை பேச்சு தம்பியின் மாமியாரைப் பற்றி.

அவர்கள் பின்னாலேயே தொட்டிகளுக்குப் போனான். மற்ற இருவரும் தொட்டிக்குள் பட்டையைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பேசியவள் இன்னொரு தொட்டியிலிருந்து, ஊறிச் சாரம் போன சக்கையை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கைகள் முழங்கைவரை பழுப்பாக இருந்தன.

“கிடங்குல டீ நல்லா இருந்துச்சா?” என்று நிமிராமலே கேட்டாள்.

இளையவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். இஷ்தியாக்குக்குக் காது சுட்டது. இவர்கள் கண்ணுக்குத் தான் யாராகத் தெரிவோம் என்று அந்தக் கிளாஸை வாங்குவதற்கு முன் யோசித்திருக்க வேண்டும்.

“நான் வேலூர்லேர்ந்து வர்றேன். ஜெயில்லேர்ந்து வர்றவங்களுக்கு வேலை வாங்கித் தர்ற சங்கம்.”

“ஓ. அனுப்பி வெச்சவங்க நீங்கதானா?”

“உங்க பேரு?”

“செல்லம்மா. எதுக்கு, எனக்கும் வேலை வாங்கித் தரப் போறியா?”

“ஒரு கூடைக்கு எதுக்கு மூணு பேரு?”

“பட்டை கனம் ஜாஸ்தி.”

இருவரும் சிரித்தார்கள். இஷ்தியாக் குரலைத் தாழ்த்தினான். “ஆம்பூர்ல கமலம்னு ஒரு பொண்ணு. ஒருத்தி கூடைக்கு, ஒருத்தி வாசப்படிக்கு, ஒருத்தி பேசறதுக்குன்னு அது சொல்லிச்சு.”

சிரிப்பு நின்றது. செல்லம்மாள் மற்ற இருவரையும் பார்த்துத் தலையை அசைத்தாள். அவர்கள் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார்கள்.

“எப்பலேர்ந்து மூணு பேரு?”

“ரெண்டு பங்குனி ஆச்சு.”

“அதுக்கு முன்ன?”

“ஒருத்திதான் போவோம். நல்ல மாதிரின்னு நெனைச்சோம். எங்களுக்கு மரியாத குடுத்துப் பேசற ஆளு.”

“அந்தப் பங்குனில இன்னா நடந்துச்சு?”

அவள் சக்கையை அள்ளினாள், கூடையில் போட்டாள், மறுபடி அள்ளினாள். “ஒரு பொண்ணு இருந்துச்சு. இப்ப கோலார் பக்கம் கட்டிக்கிட்டுப் போயிடுச்சு. அன்னிக்கு அது வெளிய வந்தப்ப நான்தான் கிணத்துல தண்ணி எடுத்து ஊத்தினேன். அதோட பேர நான் சொல்ல மாட்டேன். சொன்னா அங்கயும் நோட்டோட வந்து நிப்பீங்க.”

“அது பேரு வேணாம்.”

“வேற இன்னா வேணும்?”

நாளைக்கு ஆம்பூர்ப் பச்சையப்பன் விஷயம் கமிட்டிக்கு வருகிறது என்றும், இரண்டு மார்க் வாங்கியவன் திருந்தியவன் என்பதற்குக் கவுஸ் பாஷாவைத்தான் அங்கே உதாரணம் காட்டுவார்கள் என்றும், அது பொய் என்று தெரிந்த ஒருவர் சொன்னால் மட்டுமே நிறுத்த முடியும் என்றும் சொன்னான். திங்கட்கிழமை கமலம் எந்தக் கிடங்கில் பட்டை எடுப்பாள் என்பதையும் சொன்னான். செல்லம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“கமலம்னியே. அது கோர்ட்டுல ஏறி நின்னுச்சா?”

“நின்னுச்சு.”

“அதுக்கப்புறம் அதுக்கு வேற எங்கனா வேலை குடுத்தாங்களா?”

அவன் தொட்டிப் பக்கம் பார்த்தான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

“எனக்கு வீட்ல ரெண்டு பேரு படுத்த படுக்கையா இருக்காங்க. என் கூலிலதான் கஞ்சி” என்றாள். தூரத்தில் கிடங்கு வாசலில் கவுஸ் பாஷா கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து இவர்கள் பக்கம் பார்த்தான். இஷ்தியாக்கைப் பார்த்துச் சிரித்துக் கையைத் தூக்கினான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

கூடை நிறைந்துவிட்டது. தூக்கிவிட இன்னொரு கை வேண்டும். மற்ற இருவரும் கிணற்றடியில் இருந்தார்கள். செல்லம்மாள் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைப் பிடித்துக் காத்திருந்தாள். இஷ்தியாக் குனிந்து மறுபக்கத்தைப் பிடித்தான். ஈரச் சக்கையின் சாறு அவன் சட்டைக்கையில் இறங்கியது. கூடை இருவர் கையிலும் பாதி உயரத்தில் நின்றது.

“நாளைக்குக் காலையில எட்டு மணி பஸ்ஸுக்கு நான் ரோட்டுல நிக்கறேன், செல்லம்மா” என்றான். “வேலூருக்கு வந்து, உங்க பேரச் சொல்லி, இப்ப எங்கிட்ட சொன்னத அவங்க முன்னால ஒரே ஒரு தடவ சொல்றீங்களா?”